ஆரியசாலையில் இரண்டு கணினிகள்: புதுப்பிப்பின் நாளைக் குறிப்பவர் யார்?

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், குறைந்தது 4 ஜி.பி. நினைவகத்தையும், பெரும்பாலும் 2017-இன் பிற்பகுதிக்குப் பின் சந்தைக்கு வந்த செயலியையும் எதிர்பார்க்கிறது. பழுதின்றி ஓடும் கணினியை வைத்திருப்பவர் முன்னும் இப்போது மூன்று வழிகளே உள்ளன. புதிய கருவி வாங்கலாம். ஓராண்டு நீட்டிப்பைப் பெற்று முடிவைத் தள்ளிப்போடலாம். அல்லது காப்பின்றித் தொடரலாம்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் டேலியில் கணக்கெழுதும் ஒரு மளிகைக்கடைக்கு இக்கேள்வி உண்மையான செலவு. அதே சாலைக் கடைத்தெருவின் சுற்றுவட்டத்தில் உள்ள அரசுத் தமிழ்ப் பள்ளியில் ஐ.சி.டி. பாடநூலைத் திறக்கும் மாணவருக்கோ அந்த அக்டோபர் நாளால் எந்த மாற்றமும் இல்லை. அவருடைய பாடநூல் வேறோர் இயங்குதளத்தைக் கொண்டு எழுதப்பட்டது. அதற்கு வேறொரு நாட்காட்டி. ஒரே தெருவில் இரண்டு நாட்காட்டிகள் எவ்வாறு வந்தன என்பதற்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. கணினியைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பது தனிமனிதரின் வசதி பற்றிய கேள்வியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. புதுப்பிப்பின் நாளைக் குறிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அதற்குள் மறைந்து கிடக்கிறது. கேரளம் அதை வெளியே இழுத்துப் பொதுவிவாதமாக்கிய மாநிலம்.

முதலில் இடம். கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கியது. அதன் நடுவே அமைந்த ஆரியசாலை, தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியுடன் எழுந்தருளும் வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது இங்குள்ள கோயிலில்தான். தலைநகர் இடம்பெயர்ந்தபோது தெய்வங்களின் இருப்பிடத்தை மாற்றாமல், ஆண்டுதோறும் அவற்றை வரவழைத்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டைத் திருவிதாங்கூர் செய்துகொண்டது. பழைய அமைப்பைக் கலைக்காமல் புதியதற்குக் குடிபெயரும் கலை இவ்வூருக்குப் புதிதன்று.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென்வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. ஆரியசாலையும் தேவிகுளமும் பீர்மேடும் பாலக்காட்டுத் தமிழர்களும் கேரளத்தில் நின்றனர். இதன் விளைவொன்றை ஆய்வாளர்கள் அதிகம் கவனித்ததில்லை. கேரளத்தில் தமிழ்வழி பயிலும் குழந்தை எந்தப் பாடநூலைப் படிக்கிறது என்பதைச் சென்னை முடிவு செய்வதில்லை. திருவனந்தபுரம் முடிவு செய்கிறது. எந்தக் கணினியில், எந்த இயங்குதளத்தில் படிக்கிறது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. தமிழ்நாடும் கேரளமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டன. இரண்டாவது விடைக்குள் வாழும் தமிழர்களின் ஊர் என்பதால் ஆரியசாலை இந்த ஒப்பீட்டுக்குப் பொருத்தமான நிலையம்.

இந்திய மொழிகளில் எழுதுவோருக்கு இயங்குதளத்தை மாற்றுவது 1990-களிலும் 2000-களிலும் எழுத்தையே மாற்றுவதாக இருந்தது. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்தவருக்கு இத்தொல்லை இல்லை. விண்டோஸ் 98-இல் ஒருங்குறித் தமிழுக்கு ஆதரவு கிடையாது. தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குந்தியிருந்தன. எழுத்துரு மாறினால் கட்டுரை முழுதும் குழம்பிப்போகும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. அயலகத் தமிழரிடையே டிஸ்கி வழங்கியது. 2000-ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 2000, லதா எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழைக் கொண்டுவந்தது. எக்ஸ்பியிலும் அது இருந்தது; ஆனால் இந்திய மொழிகளுக்கான கோப்புகளை நிறுவல் வட்டிலிருந்து தனியாக ஏற்ற வேண்டும். வட்டு கையில் இல்லாதவருக்குத் தமிழும் இல்லை.

ஆகவே அக்காலத்தில் ஓர் அச்சகமோ ஆய்வாளரோ புதிய பதிப்புக்கு மாறலாமா என்று தயங்கியதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. மாறினால் பழைய கோப்புகள் படிக்க முடியாதவை ஆகலாம். மாறாவிட்டால் இணையத்தில் எழுதப்படும் தமிழ் கட்டங்களாகத் தெரியும். தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி. இடைப்பட்ட பத்தாண்டுகளில் எட்டு பிட் எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட பக்கங்களில் எவ்வளவு இன்று திறக்கக்கூடியவை என்பது அச்சு வரலாற்றை ஆராய்வோர் முன்னுள்ள பெரிய கேள்வி.

மலையாளத்துக்கு இந்த அனுபவம் இன்னும் பழையது. தட்டச்சுப்பொறிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக 1971-இல் அதன் கூட்டெழுத்துகள் குறைக்கப்பட்டன. கருவியின் எல்லை மொழியின் எல்லையாயிற்று. கணினி வந்தபின் அந்த எல்லை பொருளற்றது என்று வாதிட்ட ‘ரசன’ இயக்கம் 1999-இல் பழைய எழுத்துமுறையை எழுத்துருவாகவே மீட்டது. 2008-இல் வெளியான ஒருங்குறி 5.1 பதிப்பு, மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்குத் தனிக் குறியீடுகளை வழங்கியது. புதிய எழுத்துரு உள்ளவர் எழுதிய சொல்லில் பழைய கணினிக்காரர் வெற்றுக் கட்டங்களைக் கண்டார். ஒரே மொழிக்குள் புதுப்பித்தவர், புதுப்பிக்காதவர் என்ற இரு வாசகக் கூட்டங்கள் சில காலம் இருந்தன. எழுத்து இவ்வாறு ஒரு நிறுவனத்தின் வெளியீட்டு நாளைக் காத்துக் கிடக்கலாமா என்ற கேள்வி கேரளத்தில் முன்னரே பழுத்திருந்தது. பள்ளிகளில் நடந்ததை இந்தப் பின்னணியிலிருந்து பிரித்துப் படிப்பது பிழை.

2001-ஆம் ஆண்டில் மூன்று நிகழ்வுகள் ஒன்றையொன்று அறியாமல் அருகருகே நடந்தன. ஜூலை 20 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. பள்ளிகளில் கணினிக் கல்விக்கென யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டிக் கேரள அரசின் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் உருப்பெற்றது. அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி உலகச் சந்தைக்கு வந்தது. பள்ளித் திட்டம் முதலில் சாய்ந்தது மூன்றாவதன் பக்கம். பாடத்திட்டமும் பயிற்சியும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களைச் சுற்றியே அமைந்தன.

எதிர்ப்பு தொழில்நுட்ப வல்லுநர்களோடு நிற்கவில்லை. ஆசிரியர் சங்கத்திலிருந்தும் கிளம்பியது. இந்திய வரலாற்றில் இதற்கு இணை காண்பது அரிது. கேரள பள்ளி ஆசிரியர் சங்கமும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எழுப்பிய வாதத்தை வெறும் பன்னாட்டு நிறுவன எதிர்ப்பாகச் சுருக்குவது எளிது. பலர் அப்படித்தான் சுருக்கினர். அதன் உட்கரு கல்வியியல் சார்ந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கி, அப்பாடத்தில் ஒரு நிறுவனத்தின் பண்டத்தை மட்டும் கற்பித்தால், அப்பண்டத்தின் அடுத்த பதிப்பு வெளியாகும் நாளில் பாடநூலும் பழசாகும், ஆசிரியரின் அறிவும் பழசாகும், பள்ளியின் கணினியும் பழசாகும். இம்மூன்றும் பழசாகும் நாளைக் கல்வித்துறை தீர்மானிக்காது. வீட்டில் கணினி உள்ள மாணவர் உரிமம் வாங்க வேண்டும், அல்லது திருட்டுப் பிரதியைப் பயன்படுத்த வேண்டும். அரசே ஒரு குழந்தையை அந்த நெருக்கடிக்குத் தள்ளலாகாது என்பதும் வாதத்தின் ஒரு பகுதி.

முடிவு ஒரே இரவில் வரவில்லை. முதலில் லினக்ஸ் ஒரு மாற்றாகப் பாடத்தில் இடம்பெற்றது. பத்தாம் வகுப்புத் தேர்வில் தகவல் தொழில்நுட்பம் நுழைந்தது 2005-இல். 2006-இல் வி. எஸ். அச்சுதானந்தன் முதலமைச்சராகவும் எம். ஏ. பேபி கல்வி அமைச்சராகவும் பொறுப்பேற்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஸ்டால்மன் மீண்டும் திருவனந்தபுரம் வந்து அரசுடன் பேசினார். ‘மைக்ரோசாஃப்டுக்குக் கேரளம் விடைகொடுக்கிறது’ என்ற தொனியில் செய்திகள் உலகெங்கும் பரவின. 2007-இல் வெளியான மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளுக்கு வெளிப்படையான முதன்மை தந்தது. 2008-க்குள் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு முழுவதுமே குனூ/லினக்ஸில் நடத்தப்படும் நிலை உருவானது.

இந்த ஆண்டுகளை மைக்ரோசாஃப்டின் நாட்காட்டியோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று துலங்கும். எக்ஸ்பிக்குப் பிந்திய விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு வந்தது 2007 ஜனவரியில். எக்ஸ்பி 64 எம்.பி. நினைவகத்திலும் தட்டுத்தடுமாறி ஓடும். விஸ்டா குறைந்தது 512 எம்.பி. கேட்டது, முழுத் தோற்றத்துக்கு 1 ஜி.பி. கேட்டது. கேரளப் பள்ளிகள் எக்ஸ்பியில் வேரூன்றியிருந்தால், கணினி வாங்கிய சில ஆண்டுகளிலேயே இந்தக் கேள்வி அவற்றின் வாசலில் நின்றிருக்கும். கொள்கையின் வெற்றி என்று பேசப்படுவதில் காலப்பொருத்தத்துக்கும் ஒரு பங்குண்டு. விஸ்டா தாமதமானதும், அதற்கு உலகெங்கும் கிடைத்த கசப்பான வரவேற்பும் திருவனந்தபுரத்து வாதத்துக்கு வலுச்சேர்த்தன.

கேரளப் பள்ளிகளின் இயங்குதளம் தொடக்கத்தில் டெபியன் அடிப்படையில் அமைந்தது; பின்னர் உபுண்டு அடிப்படைக்கு மாறியது. அதைத் தொகுத்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்றுநர்கள் என்பது இத்திட்டத்தின் தனித்தன்மை. தனிம அட்டவணைக்குக் கால்சியம், வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, சிறுவருக்கு டக்ஸ் பெயின்ட், ஜி-காம்ப்ரி என்று வகுப்புக்கும் பாடத்துக்கும் வேண்டியவை உள்ளே வைக்கப்பட்டன. திட்டம் 2017-இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. அதன் தலைமையகம் ஆரியசாலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூஜப்புரையில். அடுத்த ஆண்டு தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டம் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை இலக்காகக் கொண்டது. உபுண்டு 18.04-ஐ அடியொற்றிய பள்ளிப் பதிப்பு 2019-இல் வந்தது, 22.04-ஐ அடியொற்றிய பதிப்பு 2024-இல்.

மூலப் பதிப்புகள் வெளியானவை 2018 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும். எனவே பள்ளிப் பதிப்பு ஒருமுறை ஓராண்டும் மறுமுறை ஈராண்டும் பின்தங்கியது. இத்தாமதத்தைக் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. கேரளத்தில் ஐ.சி.டி. பாடநூல் இயங்குதளத்தோடு பிணைந்தது. எந்தப் பட்டியலைத் திறப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் அச்சில் படங்களாக இருக்கின்றன. மேசைத்தளத்தின் தோற்றம் மாறினால் படங்கள் மாற வேண்டும்; படங்கள் மாறினால் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு வழிகளிலும் பாடநூல் மாற வேண்டும்; அதன்பின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. உபுண்டு 2017-இன் இறுதியில் யூனிட்டி மேசைத்தளத்தைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பியபோது திரையின் அமைப்பே மாறியது. தனியாள் ஒரு மாலையில் முடித்துவிடும் மாற்றம், ஒரு மாநிலத்துக்குக் கல்வியாண்டுக் கணக்கில் வேலை.

இத்தாமதத்துக்கு ஒரு விலையும் உண்டு; திட்டத்தின் ஆதரவாளர்கள் அதை அதிகம் பேசுவதில்லை. உபுண்டு 18.04-க்கான வழக்கமான ஐந்தாண்டு ஆதரவு 2023-இன் நடுவில் முடிந்தது. நீட்டித்த பாதுகாப்புக்குத் தனி ஏற்பாடு உண்டென்றாலும், அடுத்த பள்ளிப் பதிப்பு வருவதற்குள் அந்த நாள் கடந்துபோயிருந்தது. மேலும், உபுண்டு 17.10 முதல் 32 பிட் கணினிகளுக்கான மேசைத்தள வட்டுப் படிமங்களை வெளியிடுவதை நிறுத்தியது. பழைய கருவிகளை நீண்ட நாள் காப்பாற்றுவதே கட்டற்ற மென்பொருளின் பெருமை என்று பேசுவோர், அங்கும் மூலத் தொகுப்பாளரின் முடிவு ஒன்று மேலிருந்து இறங்குகிறது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. உபுண்டு நிறுத்தினாலும் டெபியன் அப்போது 32 பிட்டைத் தொடர்ந்தது. மூலநிரல் திறந்திருப்பதால் விரும்பிய தொகுப்பாளர் அங்கே போகலாம். எக்ஸ்பி நின்றபோது அப்படிப் போவதற்கு ஓரிடம் இருக்கவில்லை.

சேமிப்புக் கணக்கையும் ஆராயாமல் விடலாகாது. 2019-இல் கைட் நிறுவனம் இரண்டு இலட்சம் கணினிகளில் புதிய பதிப்பை நிறுவுவதால் மாநிலத்துக்கு 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று அறிவித்தது. அதாவது ஒரு கணினிக்கு ஒன்றரை இலட்ச ரூபாய் உரிமச் செலவு என்பது கணக்கின் அடிப்படை. இயங்குதளத்துக்கு மட்டும் அவ்வளவு ஆகாது. படம் வரைதல், அசைவூட்டம், நிலப்படம், ஒலித்தொகுப்பு என்று அதனுடன் வரும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் இணையான விற்பனைப் பண்டம் ஒன்றின் விலையைக் கூட்டினால் கிடைக்கும் தொகை அது. எந்த அரசும் ஒவ்வொரு பள்ளிக் கணினிக்கும் அத்தனையையும் முழு விலைக்கு வாங்கியிராது. ஆகவே 3,000 கோடி என்பதைக் கருவூலத்தில் மிஞ்சிய பணமாகக் கொள்ளாமல், பள்ளிக்கு வந்து சேர்ந்த மென்பொருளின் சந்தை மதிப்பாகக் கொள்வதே நேர்மையான வாசிப்பு. அப்படிப் படித்தாலும் அது சிறிய தொகையன்று.

தமிழ்நாட்டில் முயற்சி வேறு திசையில் தொடங்கியது. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக 2006-இல் பொறுப்பேற்ற சி. உமாசங்கர், அரசுக் கணினிகளில் சுசே லினக்ஸைக் கொண்டுவந்தார். சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் 2007-இல் வெளியானது. மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல் ஸ்டார் ஆபீஸைக் கற்பித்தது. 2018-இல் வந்த புதிய பதினோராம் வகுப்பு நூல் விண்டோஸ், உபுண்டு இரண்டையும் அறிமுகம் செய்தது. எனினும் இவை அப்பாடப் பிரிவை எடுத்தவர்களுக்கானவை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டையும் ஒரே கருவியில் வைத்துத் தந்தது. எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு துறைகளுக்குத் தமிழ்நாட்டு அரசு அறிவுறுத்தியது.

இரு மாநிலங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அக்கறையின் அளவில் தேடினால் கிடைக்காது. தமிழ்நாடு கருவியை மாணவர் கையில் கொடுத்து, எதைத் திறப்பது என்னும் தேர்வையும் அவரிடமே விட்டது. சனநாயகமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் பாஸ் லினக்ஸைத் திறக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. எல்லோருக்குமான தேர்வும் பாடநூலும் அதைக் கேட்கவில்லை. கேரளம் கருவியைப் பள்ளியில் வைத்து, தேர்வையும் பாடநூலையும் ஆசிரியர் பயிற்சியையும் அதனோடு கட்டியது. மாணவருக்குத் தேர்வுரிமை குறைவு. ஆனால் மொத்தச் சமூகமும் தன் நாட்காட்டியைத் தானே வைத்துக்கொண்டது. எது மேல் என்பதில் அறிஞர்கள் மாறுபடலாம். நிலைத்து நின்றது எது என்பதில் மாறுபட இடமில்லை.

நிலைத்து நிற்பது எளிதன்று என்பதற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரம் சான்று. 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்த அந்நகராட்சி, பத்தாண்டு உழைத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. தலைமை மாறியதும் 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. கேரளத்தில் 2001-இல் ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆட்சியில் தொடங்கிய திட்டம், 2006-இல் இடது முன்னணியின் கையில் திசை மாறி, 2011-இல் மீண்டும் ஐக்கிய முன்னணியிடம் போய், 2016-இல் திரும்ப இடது முன்னணியிடம் வந்தது. இருமுறை ஆட்சி மாறியும் இயங்குதளம் பின்னோக்கி மாறவில்லை. மியூனிக்கில் அதன் பயனர்கள் அலுவலர்கள். மேலிடத்து ஆணையால் வந்தது மேலிடத்து ஆணையால் போயிற்று. கேரளத்தில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் ஆசிரியர்கள், அதைத் தொகுத்தவர்களும் ஆசிரியர்கள். அதைக் கலைக்க நினைக்கும் அமைச்சர் நான்கு மொழிப் பாடநூலையும் இலட்சக்கணக்கானோர் எழுதும் ஒரு தேர்வையும் கலைக்க வேண்டியிருக்கும்.

தமிழ்வழி மாணவருக்கு இந்த ஏற்பாட்டால் கிடைத்த சிறு நன்மை ஒன்று விசைப்பலகை சார்ந்தது. கேரளப் பள்ளிகளில் மலையாளம் தட்டச்சு செய்யக் கற்பிக்கப்படுவது இன்ஸ்கிரிப்ட் முறை. இந்திய மொழிகளில் ஒத்த ஒலிகளுக்கு ஒரே விசை என்பதே அதன் அமைப்பு. மலையாளத்துக் ககரம் எங்கோ, தமிழ்க் ககரமும் அங்கே. ஒருமுறை பழகிய விரல் இரு மொழிக்கும் உதவும். ஆரியசாலைபோல் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமுமாக வளரும் குழந்தைக்கு இது இயல்பான கொடை. அதே குழந்தை நாளை சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ படிக்கப் போனால் அங்கே தமிழ்99-ஐச் சந்திக்கும் என்பது வேறு கதை. தமிழ் இடைமுகத்தின் நிலையோ அவ்வளவு மகிழ்ச்சி தருவதன்று. க்னோம் மேசைத்தளத்தின் தமிழாக்கம் தன்னார்வலர் உழைப்பு; ஒவ்வொரு பதிப்பிலும் புதிய தொடர்கள் சேரும், அவற்றை யாரேனும் மொழிபெயர்த்தாக வேண்டும். உரிமம் திறந்திருப்பதால் வேலை தானாக நடந்துவிடாது.

பள்ளியை விட்டு வெளியே வந்தால் தெரு வேறு உலகம். 2017 ஜூலை 1-இல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் சிறு வணிகருக்கும் கணக்கு மென்பொருள் தவிர்க்க முடியாததாயிற்று. டேலி ஓடுவது விண்டோஸில். குனூ/லினக்ஸில் தேர்வெழுதிய மாணவர் குடும்பக் கடையின் கல்லாவுக்கு அருகே உட்காரும்போது அவர் முன் இருப்பது பள்ளியில் கண்ட திரையன்று. கேரளத்தின் முடிவு பள்ளியைச் சந்தையின் நாட்காட்டியிலிருந்து விடுவித்தது. சந்தையை அந்த நாட்காட்டியிலிருந்து விடுவிக்கவில்லை. அவ்வாறு விடுவிப்பது அதன் நோக்கமாகவும் இருந்ததில்லை என்று வாதிடலாம். ஆயினும் கட்டற்ற மென்பொருளில் பயின்ற தலைமுறைகள் பலவற்றை உருவாக்கிய மாநிலம், ஒரு பலசரக்குக் கடைக்கு வேண்டிய கணக்கு மென்பொருளை அதே தளத்தில் பரவலாக்க முடியாமற் போனது ஆராயத்தக்கது. பாடத்திட்டத்தை அரசு மாற்ற முடிந்தது. கடைக்காரருக்குக் கணக்குப் பார்த்துத் தரும் தணிக்கையாளரும், அவர் கேட்கும் கோப்பு வடிவமும், பழுது வந்தால் ஓடிவரும் இளைஞரும் சேர்ந்த வலைப்பின்னலை அரசாணையால் மாற்ற முடியவில்லை.

எனவே கடையின் கேள்வி கடையிடமே இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு வீட்டுப் பயனர்களுக்கென அறிவிக்கப்பட்ட ஓராண்டு நீட்டிப்பு 2026 அக்டோபரில் முடிகிறது. பள்ளியின் நாட்காட்டியிலும் அடுத்த கட்டம் தொலைவில் இல்லை. உபுண்டு 22.04-க்கான வழக்கமான ஆதரவு 2027 வரைதான். அதற்குள் அடுத்த பதிப்பு எது, அதை எப்போது பள்ளிக்குக் கொண்டுவருவது, தமிழ்ப் பாடநூலின் படங்களை யார் திருத்துவது என்பனவற்றைப் பூஜப்புரையில் முடிவு செய்தாக வேண்டும்.